பதினோரு பாதுகாப்புகளும் சத்யபாமாவின் கிழமையும்

சத்யபாமா யாஹுவில் பிறந்தவள் என்பதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். நான் கதை கட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கடிதத்தில் அப்படித்தான் இருந்தது. கீழே ஒரு கையெழுத்து, அதன்மேல் முத்திரை, முத்திரையின்மேல் இன்னொரு கையெழுத்து.

யாஹு தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பர்மாக்காரர்களுக்கு வாரத்தில் எட்டுக் கிழமை. புதன்கிழமையை நடுவில் வெட்டி, காலைப் பாதியைப் புதனுக்கும், உச்சிக்கு மேற்பட்ட பாதியை ராகுவுக்கும் கொடுத்துவிட்டார்கள். ராகுவின் பாதிக்குப் பெயர் யாஹு. ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு திக்கு உண்டு, ஒரு மிருகம் உண்டு, கோயிலில் தண்ணீர் ஊற்ற ஒரு மூலை உண்டு. யாஹுவுக்கு வடமேற்கு. நம் ஜனங்களும் மூணு நாலு தலைமுறையாக ரங்கூனில் இருக்கிறோமே, எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் கிழமை கேட்கிறார்களே என்று நாமும் எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

கம்பெனி உளுந்து ஏற்றுமதிக் கம்பெனி. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நான் என்ன கிழமை என்று விசாரிக்க ஆள் வரும். கிடங்கு க்யிம்யிண்டைங்கில், ஆற்றோரமாக, படகுத்துறைக்கு அடுத்தாற்போல். அங்கே பத்தொன்பது வருஷமாகச் சத்யபாமாதான் சாம்பிள் பார்ப்பவள். மூட்டைக்குள் இரும்புக் குழலைக் குத்தி ஒரு பிடி உளுந்தை எடுப்பாள், உள்ளங்கையில் பரப்புவாள், ஒன்றைப் பொறுக்கிக் கடிப்பாள். புதுசா, பழசா, ஈரமா, வண்டா, எல்லாம் அந்த ஒரு கடியில் தெரிந்துவிடும். சீட்டில் அவள் கையெழுத்து விழுந்தால்தான் மூட்டை லாரியில் ஏறும்.

ஒன்றரை மாசத்துக்கு முன்னால் கிடங்கு மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். வண்டு விழுந்த போன வருஷத்து உளுந்தைப் புதுசோடு கலந்து வைத்திருந்தார். எல்லாம் புதுசு என்று ஒரு கையெழுத்துப் போடு என்றார். ஒன்றைக் கடித்துப் பார்த்தவள் துப்பிவிட்டு, இது ஆள் சாப்பிடுற பொருள், மாட்டேன் என்றாள். அவர் கெஞ்சினார், அப்புறம் மிரட்டினார், அப்புறம் அவரே ஒரு கையெழுத்தைப் போட்டு அனுப்பிவைத்தார். கன்டெய்னர் போன வேகத்தில் திரும்பி வந்தது. வண்டுகளும் போகும்போது இருந்ததைவிடப் பெரிய குடும்பமாகத் திரும்பி வந்தன.

முதலாளி என்ன செய்திருக்க வேண்டும்? மேனேஜரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் மேனேஜர் அவருக்கு மச்சான். ஆகவே ஜோசியரைக் கூப்பிட்டார். ஜோசியர் கிடங்கைச் சுற்றி வந்து, குடோன் படத்தை விரித்துப் பார்த்து, கெடுதல் வடமேற்கிலிருந்து வருகிறது, யாஹுக்காரர்கள் ஒருவரும் இந்த வளவுக்குள் இருக்கக்கூடாது என்று சொன்னார்.

பதிவேட்டைப் புரட்டினார்கள். நாலு யாஹு அகப்பட்டது. முதலாவது முதலாளியின் மாமியார். அவர் பங்குதாரர், ஊழியரில்லை, ஆகவே கெடுதல் அவரைத் தொடாது. இரண்டாவது டிரைவர், அவரை நீக்கினால் ஜோசியரை வீட்டிலிருந்து அழைத்து வருவது யார்? மூன்றாவது மேனேஜரேதான், அவருக்கு ஒரு வெள்ளி மோதிரத்தைப் போட்டுவிட்டு, ராகு இறங்கிவிட்டான் என்று எழுதிக்கொண்டார்கள். மிச்சம் சத்யபாமா.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆள் நிர்வாக அதிகாரி டோ ஏ ஏ மூ அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்து, கடிதத்தைக் கொடுத்தார். நல்ல அம்மாள். குரலை உயர்த்திப் பேசியே யாரும் கேட்டதில்லை. சத்யபாமா படித்தாள், திரும்பவும் படித்தாள். இதெல்லாம் ஒரு காரணமா சயாமா என்று கேட்டாள். மரியாதைப்பட்ட ஆணைச் சயா என்றும் பெண்ணைச் சயாமா என்றும் கூப்பிடுவது இங்கே வழக்கம்.

“வேலை ஒப்பந்தத்துல பதினாலாவது ஷரத்தைப் பாருங்க, மா பாமா,” என்றார் அந்த அம்மாள். “உங்களை எந்தக் காரணமும் இல்லாம எப்ப வேணும்னாலும் கம்பெனி அனுப்பலாம். நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பத்தொன்பது வருஷம் உழைச்சவங்களை அப்படி மொட்டையா அனுப்ப எனக்கு மனசு வரல. அதான், ஒரு காரணமாவது சொல்லுவோம்னு முதலாளிகிட்டப் போராடி வாங்கிக் கொடுத்தேன்.”

இதற்கு நன்றி சொல்வதா, மேஜையைத் தூக்கிப் போடுவதா என்று தெரியாமல் சத்யபாமா டீயைக் குடித்தாள்.

கடிதத்தின் கடைசி வரிதான் எல்லாவற்றையும்விட மோசம். கிடங்குக்குப் பின்னால் ஊழியர் வரிசையில் அவளுக்கும் அவள் புருஷன் தேவராஜுக்கும் கொடுத்திருந்த அறையை ஏழு நாளில், அடுத்த செவ்வாய் மாலை ஐந்து மணிக்குள், காலிசெய்ய வேண்டும். கல்யாணமான மறு வருஷம் குடிவந்த அறை. வெளியே எங்கே போவது? இன்றைக்கு ரங்கூனில் ஒரு கோழிக்கூட்டை வாடகைக்குக் கேட்டாலும் ஒரு வருஷத்து வாடகையை மொத்தமாக முன்னால் வைக்கச் சொல்கிறார்கள். அப்படியே வைத்தாலும், புதிதாகக் குடிவருகிறவர்கள் வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிய, வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும். தேவராஜ் மார்க்கெட் வாசலில் சைக்கா என்கிற மூணு சக்கர வண்டி மிதிப்பவர். சைக்காவுக்கு யார் கடிதம் கொடுப்பார்கள்?

தேவராஜ் கடிதத்தைக் கேட்டுவிட்டு அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். நாம பாத்திரத்தக் கட்ட ஆரம்பிச்சுடலாமா என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். ஒரு கரண்டியைக்கூட எடுக்காதீங்க என்று சத்யபாமா எரிந்து விழுந்தாள். பதினாலாவது ஷரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொன்று இருந்ததை அவள் பார்த்திருந்தாள். காரணமில்லாமல் நீக்கலாமே தவிர, பதினோரு காரணங்களுக்காக மட்டும் நீக்கக்கூடாது. அப்படி நீக்கினால் ஏற்றுமதியாளர் சங்கத்தின் சமரச மேடையில் முறையிடலாம். அந்தப் பதினொன்றில் ஏழாவதைப் படித்ததும் அவளுக்கு மூச்சே திரும்பி வந்தது: ‘சட்டத்துக்குப் புறம்பான செயலைச் செய்ய ஊழியர் மறுத்ததற்காக.’

மறுநாள் காலையில் லான்மடாத் தெருவுக்குப் போனாள். அங்கே நடைபாதையில் மேஜை போட்டு மனு அடித்துக் கொடுக்கிற பீர் முகைதீன் பாய், நம் ஜனங்களின் பாதிக் கஷ்டத்தைப் பர்மா எழுத்தில் அடித்தவர். கதையைக் கேட்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது ஏழாவதேதான் தங்கச்சி, பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி என்று சொல்லி, வண்டு, மேனேஜர், கையெழுத்து எல்லாவற்றையும் தேதியோடு அடித்துக் கொடுத்தார்.

சமரச மேடையின் அலுவலகம் அதே தெருவில் மூணாவது மாடி. அங்கிருந்த குமாஸ்தா மனுவை வாங்கி, கம்பெனிக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் விரலால் வரி வரியாகப் பார்த்துவிட்டு, மனுவைத் திருப்பிக் கொடுத்தான். காரணம் ஒத்துவரவில்லையாம். கடிதத்தில் யாஹு என்று இருக்கிறது, மனுவில் வண்டு என்று இருக்கிறது.

“எதுக்காக நீக்கினாங்கன்னு நீங்க சொல்லக்கூடாதும்மா,” என்றான் அவன், பொறுமையாக. “நீக்கினது அவங்கதானே? அது அவங்க உரிமை. நீங்க அந்தக் காரணத்தை எதிர்த்து மட்டும் எழுதலாம். படிவத்துல ஒரு கட்டம்தான் இருக்கு பாருங்க.”

ஒரு கட்டம்தான் இருந்தது. சத்யபாமா கீழே இறங்கி வந்து பாயிடம் சொன்னாள். பாய் வாய்க்குள் ஏதோ திட்டிவிட்டு, ‘யாஹுவில் பிறந்ததற்காக நீக்கியது செல்லாது’ என்று ஒரே வரி அடித்தார். ஆனால் தங்கச்சி, உண்மை இதில் இல்லையே, இதை வைத்துக்கொண்டு நீ எப்படி ஜெயிப்பாய் என்று கேட்டார். எனக்கு வீடு வேணும் பாய், உண்மையை அப்புறம் பாத்துக்கிறேன் என்றாள் சத்யபாமா. பாவம், அவள் சொன்னதிலும் தப்பில்லை. ஆறு நாள்தான் இருந்தது.

முதல் விசாரணை வியாழக்கிழமை. அந்த அறையின் சடங்கைச் சொல்கிறேன் கேளுங்கள். மேடைத் தலைவர் உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைகளை முன்னால் கட்டிக்கொள்ள வேண்டும். சுவரில் பொன்னிறச் சட்டத்துக்குள் பதினோரு பாதுகாப்புகளும் தொங்குகின்றன. குமாஸ்தா அவற்றை உரக்கப் படிப்பான், ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் தலையைக் குனிய வேண்டும். இனத்துக்காக நீக்கக்கூடாது, குனி. மதத்துக்காக நீக்கக்கூடாது, குனி. பெண் என்பதற்காக, பிள்ளையுண்டாகியிருப்பதற்காக, நோய்க்காக, சாட்சி சொன்னதற்காக. ஏழாவது வந்தபோது சத்யபாமா மட்டும் குனியாமல் அந்த எழுத்தையே பார்த்தபடி நின்றாள். அவள் வாழ்க்கை கண்ணாடிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. குமாஸ்தா தொண்டையைக் கனைத்தான், அவளும் குனிந்தாள்.

தலைவர் ஊ கான் மியின் அறுபத்தொரு வயதுக்காரர், வழவழவென்று வாரிய தலை, நல்ல பட்டு லுங்கி. அவருக்கு வலப்பக்கத்தில் தொழிலாளர் பிரதிநிதி. இந்தப் பிரதிநிதி இரண்டு அரிசி ஆலைகளுக்குச் சொந்தக்காரர். சங்கத்திலேயே அவரிடம்தான் தொழிலாளிகள் அதிகம் என்பதால் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இடப்பக்கத்தில் டோ ஏ ஏ மூ, கம்பெனிக்காக.

தலைவர் முதலில் பேசினார். “இந்த மேடை தொடங்கிப் பன்னிரண்டு வருஷமாகிறது. இந்தப் பதினோரு காரணங்களில் ஒன்றைச் சொல்லி எந்த நிறுவனமாவது யாரையாவது நீக்கியிருக்கிறதா? ஒரு கடிதம், ஒரே ஒரு கடிதம் காட்டுங்கள். கிடையாது. எங்கள் பாதுகாப்பு அவ்வளவு பலமானது. காரணமே சொல்லாமல்தான் எல்லோரையும் நீக்கியிருக்கிறார்கள்.”

பிரதிநிதி கை தட்டினார்.

பிறகு வழக்குக்கு வந்தார்கள். கிழமை பதினொன்றில் இல்லை. ஆனால் பிரதிநிதிக்கு ஒரு சந்தேகம் வந்தது: கிழமை என்பது மதத்தைச் சேர்ந்ததாயிற்றே, அப்படியானால் இரண்டாவது பாதுகாப்பில் வருமோ? சத்யபாமா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். தலைவர் நெற்றியைச் சுருக்கி யோசித்து, கிழமை மதம்தான், சந்தேகமில்லை என்றார். ஆனால் அது யாருடைய மதம் என்று தலைவர் தொடர்ந்து கேட்டார். ஊழியர் இந்து. கிழமையை நம்புகிறவர் முதலாளி. ஆகவே இங்கே காக்கப்பட வேண்டியது முதலாளியின் மதம். யாஹுக்காரியை வேலையில் வைத்துக்கொள்ளும்படி அவரைக் கட்டாயப்படுத்தினால் இரண்டாவது பாதுகாப்பை இந்த மேடையே மீறியதாகும். டோ ஏ ஏ மூ தலையைக் குனிந்து அதை ஏற்றுக்கொண்டார். குமாஸ்தா எழுத ஆரம்பித்தான்.

இரண்டு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும் போலிருந்தது. சத்யபாமாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பதற்றத்தில்தான் அது ஞாபகத்துக்கு வந்தது.

“சயா, நான் யாஹுவே இல்லை,” என்றாள். “நான் வியாழக்கிழமை.”

குமாஸ்தாவின் பேனா நின்றது.

நடந்தது இதுதான். சத்யபாமா பிறந்தது விடிகாலை மூணு நாற்பதுக்கு. நள்ளிரவிலேயே நாள் மாறிவிடும் என்கிற ஆஸ்பத்திரிக் கணக்கில் அது வியாழக்கிழமை. அடையாள அட்டையில் இருக்கும் தேதியும் வியாழன்தான். ஆனால் நம்மவர் ஜாதகத்தில் சூரியன் உதித்தால்தானே மறுநாள்? ஆகவே ஜாதகத்தில் புதன் இரவு என்று எழுதியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு விண்ணப்பத்தில் கிழமை கேட்டார்கள். இருபத்தெட்டு வயசுப் பெண், ஜாதகத்தில் இருந்ததை அப்படியே ‘புதன் இரவு’ என்று எழுதிக் கொடுத்தாள். அதை வாங்கிய பர்மாக்காரக் குமாஸ்தா, புதன் இரவா, அப்படியானால் யாஹு என்று பதிவேட்டில் ஏற்றிவிட்டான். பத்தொன்பது வருஷம் அது யாருக்கும் உறைக்கவில்லை.

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பன்னிரண்டு வருஷத்தில் முதன்முறையாக மேடைக்கு ஒரு கேள்வி கிடைத்திருக்கிறது: நாள் எப்போது தொடங்குகிறது? நிபுணர்களைக் கேட்காமல் தீர்மானிக்க முடியாது. கம்பெனி தன் நிபுணரைக் கொண்டுவரலாம், ஊழியர் தன் மதத்து நிபுணரைக் கொண்டுவர வேண்டும், திங்கட்கிழமைக்கு ஒத்திவைப்பு என்றார். திங்கட்கிழமை என்றால் ஐந்து நாளில் நாலு நாள் போய்விடும்.

சத்யபாமாவுக்கு மதத்து நிபுணர் என்று யார் இருக்கிறார்? மாரியம்மன் கோயில் பூசாரி கார்த்திகேசன்தான். ஞாயிற்றுக்கிழமை போய் அவர் காலில் விழாத குறையாகக் கேட்டாள். நாள் நள்ளிரவில் ஆரம்பிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க பூசாரியண்ணே, வீடு தங்கும். அவர் விபூதியைக் கொடுத்தார், வாழைப்பழத்தைக் கொடுத்தார், அந்த ஒரு வார்த்தையை மட்டும் கொடுக்கவில்லை. உனக்காக வேற எதுவும் செய்யறேம்மா, பஞ்சாங்கத்த மாத்தச் சொல்லாதே, நாளைக்கு ஊர்ல ஒரு கல்யாணத்துக்கு நான் நாள் குறிக்க வேண்டாமா என்றார். சத்யபாமாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் என்ன செய்வது, வேறு நிபுணர் இல்லை. அவரையே அழைத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை மறுபடி எழுந்து நின்று, பதினொன்றுக்கும் குனிந்து, உட்கார்ந்தார்கள். கம்பெனி ஜோசியர் முதலில் சொன்னார்: சூரியன் உதித்தால்தான் நாள் பிறக்கும், ஆகவே இந்த அம்மாள் யாஹு. பிறகு பூசாரி எழுந்தார். சத்யபாமா அவரைப் பார்த்துக் கண்ணாலேயே கும்பிட்டாள். அவர் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, சூரியன் உதித்தால்தான் நாள் என்றார்.

ஜோசியர் எழுந்து வந்து பூசாரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த அறையில் இரண்டு மதங்கள் ஒன்றாய்ப் பேசியது அதுவே முதல் தடவை என்று தலைவர் குறிப்பில் ஏற்றச் சொன்னார். டோ ஏ ஏ மூ சத்யபாமாவின் முழங்கையைத் தொட்டு, சாமான் ஏற்ற லாரி வேண்டுமானால் கம்பெனி கொடுக்கும் என்று அனுதாபமாகச் சொன்னார். சத்யபாமா தலையை உயர்த்தவில்லை. இருபது வருஷத்துப் பாத்திரம், கட்டில், தையல் மிஷின், அம்மன் படம் எல்லாவற்றையும் எந்த நடைபாதையில் இறக்குவது என்று அவள் மனசு கணக்குப் போட ஆரம்பித்திருந்தது.

தலைவர் தீர்ப்பைச் சொல்ல வாயைத் திறந்தார். திறந்தவர் மூடிக்கொண்டார். ஏதோ யோசனை வந்தவர் போல ஜோசியரைப் பார்த்து, இது எல்லோருக்கும் பொருந்துமா என்று கேட்டார். எல்லோருக்கும்தான் என்றார் ஜோசியர். திங்கட்கிழமை, விடிகாலை இரண்டு மணிக்கு ஒருவர் பிறந்திருந்தால்?

“அவர் ஞாயிற்றுக்கிழமை,” என்றார் ஜோசியர். பூசாரியும் ஆமாம் என்று தலையாட்டினார்.

அதே நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. ஊ கான் மியினின் முகத்தில் வியர்வை அரும்பியது. அவர் திங்கட்கிழமைக்காரர். பர்மாக்காரர்கள் பிறந்த கிழமைக்குரிய எழுத்தில்தான் பெயர் வைப்பார்கள்; முன்னால் உள்ள ஊ வெறும் மரியாதைச் சொல், திங்கட்கிழமை என்பதால்தான் பெயரே ‘க’வில் தொடங்குகிறது. அறுபத்தொரு வருஷமாகக் கிழக்கு மூலையில் புலிக்குத் தண்ணீர் ஊற்றிவருகிறார். பெண் பார்த்தது, வீட்டுக்கு வாசல் வைத்தது, இந்தத் தலைவர் பதவிக்கு விண்ணப்பம் போட்டது, எல்லாம் திங்கள் கணக்கில். இப்போது இரண்டு பேர் வந்து, நீ திங்களே இல்லை, இத்தனை வருஷமும் யாருடைய புலிக்கோ தண்ணீர் ஊற்றினாய் என்கிறார்கள். பிரதிநிதிகூடத் தூக்கம் கலைந்து அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

தீர்ப்பு நாளைக் காலையில் என்று சொல்லிவிட்டுத் தலைவர் யாரும் எழுந்து நிற்குமுன் வெளியே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு அறைக்குப் பூட்டுப் போட ஆள் வரும். சத்யபாமா ஒன்பதுக்கே மூணாவது மாடியில் இருந்தாள். தேவராஜ் தானும் வருகிறேன் என்றதற்கு, நீங்க அறையிலேயே இருங்க, நான் வர்றதுக்குள்ள எவனும் பூட்டிடக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். பதினொரு மணிக்குத் தலைவர் வந்தார். கண்கள் சிவந்திருந்தன, ஆனால் குரல் கணீரென்று இருந்தது.

நாள் என்பது நள்ளிரவில் தொடங்குகிறது என்று அவர் வாசித்தார். ரயில் அப்படித்தான் ஓடுகிறது, ஆஸ்பத்திரி அப்படித்தான் எழுதுகிறது, வங்கி அப்படித்தான் பதிகிறது. வேறு விதமாகச் சொல்கிற நிபுணர்கள், எந்த மதத்தவரானாலும், மரியாதைக்குரிய குடும்பங்களில் வீண் குழப்பம் விளைவிப்பவர்கள். ஆகவே மனுதாரர் சத்யபாமா பிறந்தது வியாழக்கிழமையே. அவர் யாஹு அல்ல, ஒருபோதும் யாஹுவாக இருந்ததில்லை. நிறுவனம் கூறிய காரணம் செல்லாது. மனுதாரரின் முறையீடு ஏற்கப்படுகிறது.

சத்யபாமாவுக்குக் கண்ணில் நீர் தளும்பிவிட்டது. ஏழு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கி, உடம்பே லேசாகிவிட்டது. வாயில் வார்த்தை வராமல் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டாள். தலைவரைக் கும்பிட்டாள், தூங்கிய பிரதிநிதியைக் கும்பிட்டாள், டோ ஏ ஏ மூவையும் கும்பிட்டாள். அந்த அம்மாளும் மனப்பூர்வமாகச் சிரித்துக்கொண்டே, வாழ்த்துகள் மா பாமா, வியாழக்கிழமைக்காரங்கன்னா எனக்கு எப்பவுமே பிடிக்கும் என்றார்.

குமாஸ்தா அரக்குத் தட்டில் லபெ கொண்டுவந்தான். ஊறிய தேயிலை, வறுத்த வேர்க்கடலை, எள், பூண்டு. பழைய காலத்தில் பர்மாவில் பஞ்சாயத்து முடிந்தால் இரண்டு கட்சியும் ஒரே தட்டில் லபெ தின்ன வேண்டும். தின்றால் தீர்ப்பை ஒப்புக்கொண்டதாக அர்த்தம், அப்புறம் பேச்சில்லை. அந்த வழக்கத்தை இந்த மேடை விடாமல் வைத்திருந்தது. சத்யபாமாவுக்கும் இது தெரியும். தெரிந்துதான், சந்தோஷமாக, ஒரு பெரிய வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். டோ ஏ ஏ மூ நாசூக்காக இரண்டு வேர்க்கடலை எடுத்துக்கொண்டார். இருவரும் தின்றதைக் குமாஸ்தா மணி பார்த்துக் குறித்துக்கொண்டான்.

அவன் குறித்து முடித்ததும் தலைவர் தாளைத் திருப்பினார். பின்பக்கத்திலும் எழுத்து இருந்தது.

“மேற்கண்டவாறு நிறுவனம் கூறிய காரணம் செல்லாதென்று ஆகிவிட்டதால், இந்த நீக்கம் காரணம் எதுவுமற்ற நீக்கமாகிறது. காரணம் எதுவுமற்ற நீக்கம் பதினாலாவது ஷரத்தின்படி முழுமையாகச் செல்லும். மனுதாரரின் வெற்றியை இம்மேடை பாராட்டுகிறது.”

சத்யபாமா வாயில் இருந்ததை மெல்ல மறந்துவிட்டாள்.

அதை அப்படியே விழுங்கிவிட்டு, அப்ப நான் நாளைக்கு வேலைக்கு வரலாமா சயா என்று கேட்டாள். பிறகு, பதில் வருமுன்னே, சுவரைக் காட்டி, ஏழாவது, அந்த ஏழாவதுதான் நிஜம், வண்டு உளுந்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னேன், அதுக்குத்தான் நீக்கினாங்க, இப்ப காரணம்தான் காலியாயிடுச்சே, அந்தக் கட்டத்துல இதை எழுதிக்குங்க என்று ஒரே மூச்சில் சொன்னாள். அவளுக்கே அது கெஞ்சலாகக் கேட்டது. அதற்காக வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

ஊ கான் மியின் அவளை நிஜமான வருத்தத்தோடு பார்த்தார். ஒரு பெரிய சந்தேகம் தீர்ந்த மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்கிற நிலையில் அவர் அன்றைக்கு இல்லை.

“நீங்கள் லபெ சாப்பிட்டுவிட்டீர்களே,” என்றார்.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். குமாஸ்தா பதினோரு பாதுகாப்புகளையும் முடிவுக்காக இன்னொரு முறை படித்தான். சத்யபாமா ஒன்றுக்கும் குனியவில்லை. யாரும் அதைக் கவனிக்கவுமில்லை, ஏனென்றால் மற்ற எல்லோரும் குனிந்திருந்தார்கள். வெளியே வரும்போது குமாஸ்தா அவள் கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்தான். தடித்த காகிதம், பொன்னிற ஓரம். முறையீட்டில் வென்றவர் என்று அவள் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். கீழே நடைபாதையில் பீர் முகைதீன் பாய் அதை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, பின்பக்கத்தையும் படித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் திருப்பிக் கொடுத்தார். காசு வேண்டாம் தங்கச்சி என்றார்.

பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. க்யிம்யிண்டைங் வரும்வரை அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. பத்தொன்பது வருஷம் ஒரு கடியில் வண்டைக் கண்டுபிடித்தவள், ஒரு தாளைத் திருப்பிப் பார்க்காமல் வாயைத் திறந்துவிட்டேனே என்றுதான் திரும்பத் திரும்பத் தோன்றியது.

அறை வாசலில் தேவராஜ் முக்காலியைப் போட்டுக் கதவை அடைத்தாற்போல் உட்கார்ந்திருந்தார். அவர் சைக்காவைக் குறுக்கே நிறுத்தியிருந்தார், யாரும் தாண்டி வராதபடிக்கு. கிடங்குக் காவல்காரன் பூட்டும் சாவியுமாகக் கொஞ்சம் தள்ளி நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். மணி மூணு. அவள் கையில் பொன்னிற ஓரம் போட்ட காகிதத்தைப் பார்த்ததும் தேவராஜ் எழுந்துவிட்டார். அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்க அவளால் முடியவில்லை.

“என்ன பாமா, என்ன ஆச்சு?”

“ஜெயிச்சாச்சு,” என்றாள் சத்யபாமா. “கட்டிலைக் கழட்டுங்க.”